மும்பைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி ஆச்சரியத் தகவல்கள் சொல்லுங்கள்

செம்பூர் கல்யாணி:

எல்லோருக்கும் வணக்கம். செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை இருப்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடப் போனால் இந்தியும் மராத்தியும் என்று வளர்கிற பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. பேச வைப்பதுதான் பெரும்பாடு. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் "இட்லி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அதற்காகவே கடைசி அரை மணி நேரத்தை 'உனக்குத் தெரியுமா?' என்று ஒதுக்கினேன். ஒருவர் ஓர் ஆச்சரியமான விஷயம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும், எல்லாம் தமிழில். ஆனால் எல்லோரும் முந்தின ராத்திரி போனில் தேடியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றாள் ஒரு பெண். உண்மைதான். "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது, அதோடு சரி. கேள்வி ஒன்றுகூட வரவில்லை. எங்கேயோ கடலுக்கடியில் இருப்பதைப் பற்றி அவர்கள் என்ன கேட்பார்கள்?

போன ஆடி மாதம் ஒருநாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. மழை மூட்டம் என்று விளக்குப் போட்டிருந்தோம். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு பல்லி. உள்ளேயிருந்து பார்த்தால் அதன் வயிறு முழுக்கத் தெரிந்தது. மெல்லிய தோலுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை முட்டைகள். பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். பல்லிக்கு மூடித் திறக்கிற இமை கிடையாது, கண்ணில் தூசி பட்டால் நாக்கால் துடைத்துக்கொள்ளும் என்றேன். நம்பவில்லை. காத்துக்கொண்டு நின்றார்கள். அது நாக்கை நீட்டி ஒரு கண்ணை வழித்ததும் ஹாலே அதிர்ந்தது.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. ஏன் விழவில்லை, காலில் பசையா? பசை இல்லை, பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள். டோக்கே என்கிற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் முடிகள், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்த நுனிகளுக்கும் சுவருக்கும் நடுவில் மூலக்கூறு அளவில் உண்டாகிற ஈர்ப்புதான் தாங்குகிறது, காய்ந்த டெஃப்லான் மேல் மட்டும் அந்தப் பிடி நிற்காது என்று சொன்னேன். உடனே ஒருத்தி வீட்டிலிருந்து நான்ஸ்டிக் தவாவைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். இன்னொருவன், "பல்லி விஷம்னு பாட்டி சொன்னாங்களே?" என்றான். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது, ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டச் சொன்ன பாட்டி செய்தது சரிதான் என்றேன். வாக்கியம் வாக்கியமாகத் தமிழ் பேசினார்கள்.

எனக்கு வேண்டியது அந்த மாதிரி விஷயங்கள். மும்பையில் வீட்டிலோ, தெருவிலோ, கடையிலோ பிள்ளை தானே போய்ப் பார்த்துவிட்டு வர முடிய வேண்டும். உண்மையாகவும் இருக்க வேண்டும், ஃபார்வர்டு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்களேன்.

நெருல் வித்யா:

அக்கா, புறாவிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த ஊரில் புறா வந்து உட்காராத ஜன்னல் எது? பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இத்தனை புறாவைப் பார்க்கிறீர்களே, புறாக்குஞ்சை யாராவது பார்த்ததுண்டா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் கூட்டைவிட்டு வெளியே வராது. வரும்போது தாய்ப்புறா அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆக, இளம் புறாவை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், அடையாளம்தான் தெரியவில்லை. அலகுக்கு மேலே மூக்கருகில் ஒரு புடைப்பு இருக்கிறதே, அது வளர்ந்த புறாவுக்குப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், கண் ஆரஞ்சு நிறம். இளம் புறாவுக்கு அந்தப் புடைப்பு மங்கலாகவும் கண் பழுப்பாகவும் இருக்கும். இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

அடுத்தது இன்னும் பெரிய ஆச்சரியம். புறா தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது. பறவைக்குப் பாலா என்று கேட்பார்கள். தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்துவைக்கிற பை இருக்கிறது இல்லையா, அதன் உட்சுவர் தடித்து, செல்கள் உதிர்ந்து, தயிர்க்கட்டி மாதிரி வெளிறிய ஒரு பொருளாகத் திரள்கிறது. புரதமும் கொழுப்பும் நிறைந்தது. முதல் சில நாட்கள் குஞ்சுக்கு அது மட்டும்தான் ஆகாரம். தாயும் தகப்பனும் இரண்டும் அதைச் சுரக்கின்றன. நம் தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்கிற அதே ஹார்மோன்தான் அங்கேயும் வேலை செய்கிறது. எங்கள் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் கூடு கட்டியிருந்தபோது கொசுவலை வழியாகப் பார்த்தேன். குஞ்சு தன் அலகைப் பெரிய புறாவின் வாய்க்குள் முழுக்க நுழைத்துக்கொள்ள, பெரியது கழுத்தை உலுக்கி உலுக்கிக் கொடுத்தது. எச்சத்தைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்து தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

இந்தப் பாலைக் கொடுக்கிற இன்னொரு பறவையும் நம் ஊருக்கே வருகிறது. பூநாரை! எம்பெரர் பெங்குவினில் ஆண் பறவை இப்படிக் கொடுக்கும், அதை விட்டால் புறா இனமும் பூநாரையும்தான். பூநாரையின் பால் சிவப்பு. தன் உடம்பில் இருக்கிற நிறத்தையே குஞ்சுக்குக் கொடுத்துவிடுவதால், குஞ்சு வளர்க்கிற காலத்தில் பெற்ற பறவைகள் வெளிறிப்போவதும் உண்டு. பூநாரைகள் இங்கே இரைக்குத்தான் வருகின்றன, முட்டையிடுவது கட்ச் உப்புநிலத்தில். அதனால் பால் கொடுப்பதை நாம் பார்க்க முடியாது. ஆனால் கூட்டத்தில் இளஞ்சிவப்புக்கு நடுவே அழுக்குச் சாம்பலாகச் சில பறவைகள் நிற்கும். அவை இளசுகள். பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கிற கரோட்டினாய்டு என்கிற நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் நிறம் ஏறும்.

செவ்ரி ஜெட்டிக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் நெருல் பக்கத்து ஈரநிலங்களிலும் நிற்கும். கார்த்திகை வாக்கில் வரத் தொடங்கி, சித்திரை, வைகாசி வரை இருக்கும். ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தால்தான் இரை தேடும். ஒரு பைனாகுலர் போதும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பம்பு மாதிரி ஆட்டிச் சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டுகிறது. அலகின் மேல்பகுதியும் அசையும். தானே க்ரீக்கின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயம் ஆனது, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குள்ளேயே இப்படி ஓர் இடம் இருப்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

காட்கோபர் ராஜி:

குயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. கோடையில் விடியற்காலை நாலு மணிக்கே நம்மை எழுப்பிவிடுகிற அந்தக் 'கூ... கூ...' ஆண் குயில். நன்றாகப் பாடுகிற பெண்ணைக் குயில் என்கிறோம், ஆனால் பெண் குயில் 'கிக் கிக்' என்றுதான் கத்தும். கறுப்பாக, சிவப்புக் கண்ணோடு இருப்பது ஆண். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடுமாகப் பழுப்பாக இருப்பது பெண். பிள்ளைகள் பெண் குயிலைப் பார்த்தால் வேறு ஏதோ பறவை என்றுதான் நினைப்பார்கள். காக்கை கூடு கட்டுகிற மரத்தடியில் நின்றால் இரண்டையும் பார்க்கலாம், முட்டையிட வரும்.

மாட்டுங்கா சுந்தரம்:

கல்யாணி அம்மாவுக்கு வணக்கம். ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை. வெட்டி, நறுக்கி, நுண்ணோக்கியில் வைத்துக் கொடுப்பதுதான் வேலை. அதில் நான் மிகவும் ரசித்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரொம்ப நாள் கழித்து ஒருவர் வந்தால் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். எங்கள் மாடியிலிருக்கிற மராட்டியக்காரர் இதையே 'உம்பராசே ஃபூல்' என்பார். அவர்களுக்கும் அத்திப்பூ என்றால் அபூர்வம். இரண்டு மொழிக்காரர்களும் சொல்லிவைத்த மாதிரி, கண்ணில் படவே படாத பூ என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அத்தி வருஷத்தில் பல தடவை பூக்கிறது, ஆயிரக்கணக்கில் பூக்கிறது. நாம் காய் என்று நினைக்கிற உருண்டைக்குள்தான் அவ்வளவு பூவும் இருக்கின்றன.

நாட்டு அத்தி மரம் மும்பையில் நிறைய உண்டு. தத்தாத்ரேயர் கோயில் என்றால் பக்கத்தில் ஓர் உம்பர் மரம் நிற்கும். காய்கள் இலைக்காம்பில் தொங்காது, அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் நேராகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். இதைக் காட்டினாலே பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். கீழே விழுந்து கிடப்பதில் பச்சையாக, கெட்டியாக ஒன்றை எடுத்து, காம்பிலிருந்து மேல்நோக்கி நெடுக்காக வெட்டுங்கள். பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகளிடம் வேண்டாம். உள்ளே குழியாக இருக்கும். அந்தக் குழியின் சுவர் முழுக்க நூல்நூலாக நெருக்கமாய் நிற்கிறதே, அதில் ஒவ்வொன்றும் ஒரு பூ. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் தனித்தனியாகத் தெரியும். காம்புக்கு எதிர்முனையில் செதில்களால் அடைத்த ஒரு சின்னத் துவாரம் இருக்கும். உள்ளே போக அது ஒன்றுதான் வழி.

அந்த வழியாக ஒரு குளவி நுழையும். குளவி என்றதும் வீட்டுக் கூரையில் கூடு கட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது எறும்பைவிடச் சின்னது. வழி அவ்வளவு இறுக்கம் என்பதால் நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். தான் பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளேயிருக்கும் பூக்களில் சேர்த்துவிட்டு, சில பூக்களில் முட்டையிட்டுவிட்டு அங்கேயே சாகும். முட்டையிலிருந்து முதலில் வருபவை ஆண்கள். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு இணைந்துவிட்டு, காயின் சுவரைக் குடைந்து வெளியே போக வழி செய்துவிட்டு இறந்துபோகும். பெண்கள் அந்த வழியாக மகரந்தத்தோடு பறந்து அடுத்த காயைத் தேடும். அத்தி, ஆல், அரசு எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. அந்தக் குளவி இல்லாத தேசத்தில் ஆலமரத்தை நட்டால் மரம் வளரும், காயும் வரும், முளைக்கிற விதை வராது.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்று பழமொழி சொல்கிறார்களே, அந்தச் சொத்தை இந்தக் குளவிக் குடும்பம் குடியிருந்த இடம். பழுத்ததைப் பிட்டால் சில சமயம் கறுப்பாகப் பொடிப்பொடியாகப் பறந்து வரும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடிக்காது.

கூடவே இன்னொன்றும் காட்டுங்கள். பழைய கட்டடங்களின் வெடிப்பில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். மண்ணே இல்லாத நாலாவது மாடியில் யார் நட்டது என்று கேளுங்கள். பழம் தின்ற பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. சொசைட்டிக்காரர்களுக்கு அது பெரிய தலைவலிதான், சுவரைப் பிளந்துவிடும்.

முலுண்ட் கீதா:

சுந்தரம் சார், படித்துவிட்டு வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் சுத்த சைவம். வீட்டில் தினமும் ராத்திரி அஞ்சீர் ஊறவைத்துக் காலையில் சாப்பிடுகிறோம். அதிலும் பூச்சியா?

மாட்டுங்கா சுந்தரம்:

கவலைப்படாதீர்கள் அம்மா. அஞ்சீர் என்பது சீமை அத்தி, அதே குடும்பத்தில் வேறு மரம். நம் மார்க்கெட்டுக்குப் புனே பக்கத்துப் புரந்தரிலிருந்து வருகிற அஞ்சீர் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் பழுக்கிற வகை. அதற்குக் குளவி தேவையில்லை. துருக்கியில் ஸ்மர்னா என்று ஒரு வகை உண்டு, அதற்குக் குளவி வேண்டும். அதிலும் பல்லில் நறநறவென்று கடிபடுவது விதைதான். சமணர்கள் ஆல், அரசு, அத்தி வகைப் பழங்களைத் தொடுவதில்லை, உள்ளே உயிர் இருக்கிறது என்பதுதான் காரணம். நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே அதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

டோம்பிவிலி சேலத்துக்காரன்:

சமையலறையிலிருந்து ஒன்று நான் சொல்கிறேன். ஏகாதசி, நவராத்திரி என்றால் மும்பையில் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. அந்தச் சாபுதானா நம் ஜவ்வரிசிதான், அதில் பெரும்பகுதி எங்கள் சேலம் மாவட்டத்திலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் ரயிலிலும் லாரியிலும் வருகிறது. இங்கே பலர் அது ஏதோ தானியம் என்று நினைக்கிறார்கள். அது மரவள்ளிக்கிழங்கு மாவு. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிகிற ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கிக் குருணையாக உருட்டுவார்கள். அப்புறம் சூடான தட்டில் வறுத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவைப்பார்கள். ஆத்தூர்ப் பக்கம் போனால் கண்ணைக் கூசுகிற வெள்ளைக் களங்களைப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்குப் புதிர் இப்படிப் போடுங்கள் கல்யாணி அக்கா: கிச்சடியில் இருக்கிற ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், இந்த நாலில் எது நம் நாட்டில் தோன்றியது? ஒன்றுமே இல்லை! நாலும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்ச்சுகீசியர் கப்பல் வரத் தொடங்கிய பிறகு இங்கே வந்தவை. நெய்யும் சீரகமும்தான் பழைய ஆட்கள். இவ்வளவு ஆசாரமான விரதச் சாப்பாடு அப்படி என்றால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள்.

ஃபோர்ட் பாலா:

வங்கியில் வேலை, அதனால் காசுதான் என் பாடம். வீட்டிலிருக்கிற நாணயங்களை எல்லாம் கொட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். சின்ன டைமண்ட் இருந்தால் மும்பையில் அடித்தது, ரிசர்வ் வங்கிக்கு எதிரே இருக்கிற நாணயச்சாலை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. யார் வீட்டில் எந்த ஊர்க் காசு அதிகம் என்று எண்ணிப் பட்டியல் போடட்டும்.

நோட்டில் இரண்டு வேலை. பின்பக்கம் மொழிகள் வரிசையாக இருக்கும், பதினைந்து. தமிழைத் தேடச் சொல்லுங்கள், கீழேயிருந்து மூன்றாவது. தமிழ் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? அடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு நோட்டின் இடது வலது ஓரங்களை விரலால் தடவட்டும். புதிய நூறு ரூபாயில் நாலு சாய்கோடுகள் மேடாகத் தட்டுப்படும். ஐந்நூறில் ஐந்து. இருநூறில் நாலு கோடு, நடுவே இரண்டு வட்டம். பார்வையற்றவர்கள் கடைக்காரரை நம்பியே இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் செய்தது. கசங்கின நோட்டில் சரியாகத் தெரியாது, புது நோட்டாகக் கொடுங்கள். ஒரு ரூபாய் நோட்டு யாரிடமாவது இருந்தால் கையெழுத்தைப் பாருங்கள். மற்றதில் எல்லாம் ரிசர்வ் வங்கி ஆளுநர், இதில் நிதித் துறைச் செயலர். அதை வெளியிடுவது அரசாங்கம், அதனால் 'தர உறுதியளிக்கிறேன்' என்ற வாசகமும் அதில் இருக்காது.

தாராவி முருகன்:

அக்கா, நான் காஸ் ஏஜென்சியில் டெலிவரி பார்க்கிறேன். சிலிண்டரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. எல்லார் வீட்டிலும் இருக்கிறது, யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மேலே பிடித்துத் தூக்குகிற வளையத்தைத் தாங்க மூன்று பட்டைகள் இருக்கும். ஒன்றின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். பி-27 என்று இருக்கிறது என்று வையுங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-27 என்றால் அந்தச் சிலிண்டரை 2027 ஜூனுக்குள் மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். காஸ் காலாவதி ஆகிற தேதி என்று ஃபார்வர்டு சுற்றுகிறது, அது தப்பு. காஸ் கெட்டுப்போகாது. இரும்புக்குத்தான் கெடு. இன்னொரு பட்டையில் காலிச் சிலிண்டரின் எடை இருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் என்ன வருகிறதோ அதுதான் நிறைந்த சிலிண்டரின் எடை. எங்களிடம் தொங்குதராசு இருக்கும், எடை போடச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளைகளுக்குத் தமிழோடு கணக்கும் ஆச்சு.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெரிய சமையல் நடக்கும்போது, கேட்டரிங்காரர்கள் வீட்டில் நன்றாகத் தெரியும், சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வேர்க்கும். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது குளிர்ந்துபோகிறது, நம் ஊர் ஈரக்காற்று அந்த மட்டம் வரைக்கும் நீராகப் படிகிறது. வேர்வைக்கோடு எங்கே நிற்கிறதோ அதுவரை காஸ் இருக்கிறது.

அந்த நாற்றம் காஸின் நாற்றம் இல்லை என்பது தெரியுமா? காஸுக்கு வாடையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற ஒன்றைத் துளியூண்டு கலக்கிறார்கள்.

நெருல் வித்யா:

முருகன் அண்ணா சொன்னதில் ஒரு பறவைக் கதை ஒளிந்திருக்கிறது. அழுகத் தொடங்கின பிணத்திலிருந்தும் எத்தில் மெர்காப்டன் வெளிவரும். அமெரிக்காவில் டர்க்கி வல்ச்சர் என்று ஒரு பிணந்தின்னிக் கழுகு, மோப்பத்தில் கெட்டிக்காரப் பறவை. 1930-களில் கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாய் கசிந்த இடத்துக்கு மேலே அவை வட்டமிடுவதைக் கவனித்து, அதை வைத்தே கசிவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பாறு கழுகுகள் அப்படிச் செய்யாது, அவை கண்ணால் பார்த்துத்தான் இரை தேடும். மலபார் ஹில்லில், இறந்தவர்களின் உடலைப் பறவைகளுக்கென்று வைக்கிற பார்சிகளின் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவை அவைதான். மாட்டுக்குப் போட்ட டிக்ளோஃபெனாக் மருந்து, அந்த மாட்டுப் பிணத்தைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள், அதற்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அக்கா.

காட்கோபர் ராஜி:

டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் 1937-ல் ஒரு பள்ளியே வெடித்துச் சிதறியது. இயற்கை எரிவாயு வாடையில்லாமல் கசிந்து தரைக்கடியில் தேங்கியிருந்திருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் வாடை கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லலாம்.

செம்பூர் கல்யாணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முதலில் நாணயம், அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அடுத்து சுந்தரம் சார் சொன்ன அத்தி. எங்கள் காலனிக்குப் பின்னாலேயே ஒரு உம்பர் மரம் நிற்கிறது, காய் கொட்டிக் கிடக்கிறது. ராஜி, டெக்சாஸ் கதையை நானே சொல்கிறேன், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

முருகன் தம்பி, படித்ததும் போய் எங்கள் சிலிண்டரைப் பார்த்தேன். பட்டையில் உள்ள தேதி போன காலாண்டிலேயே முடிந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்பார்கள்.

தாராவி முருகன்:

பயப்பட வேண்டாம் அக்கா. தேதி தாண்டியதால் அது இன்றைக்கே வெடித்துவிடாது. ஆனால் சோதனை செய்யாத சிலிண்டர் வீட்டில் இருக்கவும் கூடாது. ஏஜென்சிக்குப் போன் செய்து சொல்லுங்கள், மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. இனிமேல் டெலிவரி வரும்போது வாசலிலேயே சீலைப் பார்த்து, தேதியைப் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள். தேதி தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபப்பட மாட்டோம்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள். இந்த காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் லைட், ஃபேன் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்ய வேண்டும். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.